முந்நூற்று நாற்பத்தேழு குதிரைகள்

மார்ச் 3

அண்ணா,

உறையைப் பிரித்ததும் நீ கடிதத்தைத்தான் முதலில் எடுப்பாய். அதைக் கீழே வைத்துவிட்டு, கூட வைத்திருக்கும், எஞ்சின் பலத்தை அளந்த டைனோ தாளைப் பார். வளைகோட்டின் உச்சியில் விரலை வை. முந்நூற்று நாற்பத்தேழு குதிரை! நம்பாவிட்டால் கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்.

போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நமக்குப் போன் ஒத்துவராது. "சாப்டியா" என்று ஆரம்பித்து, மூன்றாவது நிமிடம் டர்போவுக்கு வந்து, நாலாவது நிமிடம் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதே, கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

பதினான்கு மாதம் முன்பு உன் பட்டறையில் நடந்ததை நான் மறக்கவில்லை. இதே கார், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற, நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட இதே பெரிய டர்போ. நீ போட்ட நடுத்தர டர்போவோடு உன் டைனோ ரோலரில் ஓட்டினபோது இருநூற்று அறுபத்தெட்டு வந்தது. நான் போட்ட பெரியதோடு இருநூற்று எண்பத்தொன்று. இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ட்யூப் லைட் வெளிச்சத்தில் பிடித்து, வந்திருந்த வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் காட்டினாய். "பதிமூணு குதிரைக்காக இவ்ளோ பெரிய நத்தையத் தூக்கி எஞ்சின்ல மாட்டியிருக்கா எங்க தங்கச்சி!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் காலை காரோடு இந்த ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

இப்போது சிரி பார்ப்போம். அதே நத்தைதான். இங்கே எங்கள் டைனோக்காரர் மூன்று முறை ஓட்டிப் பார்த்து, மூன்றிலும் ஏறக்குறைய இதே எண்ணைக் காட்டினார். காற்றை அமுக்கும் பூஸ்ட் அழுத்தத்தை மட்டும் 1.3-லிருந்து 1.5-க்கு ஏற்றியிருக்கிறேன். எஞ்சின் நிமிடத்துக்கு 4500 சுற்றுக்குக் கீழே ஓடினால் கொஞ்சம் தூங்கும், ஒத்துக்கொள்கிறேன். எழுந்த பிறகு பிடிக்க முடியாது.

24-ஆம் தேதி இந்த ஊர்க் கார் ஓடுதளத்தில் பன்னிரண்டு சுற்றுப் பந்தயம். என் காரில் நானே ஓட்டும் முதல் பந்தயம். அம்மாவிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

நத்தைக்காரி

*

மார்ச் 7

நத்தைக்காரிக்கு,

தாள் வந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருக்குடா இ.சி.ஜி. எடுத்தாங்க?" என்று கேட்டாள். எனக்குத்தான் எடுக்கவேண்டி வரும் போலிருக்கிறது என்றேன்.

உச்சியில் விரலை வைத்தேன். பிறகு, நீ வைக்கச் சொல்லாத இடத்திலும் வைத்தேன். வலது கீழ் மூலையில் பொடி எழுத்தில் அறையின் காற்று வெப்பம் 51 டிகிரி என்று இருக்கிறது. 51 டிகிரியில் நீங்கள் எல்லாரும் நின்றுகொண்டு வேலை பார்க்கிறீர்களா, வெந்துகொண்டிருக்கிறீர்களா? காற்று சூடாக இருந்தால் எஞ்சின் பலம் குறையும் என்று டைனோவுக்குத் தெரியும். பாவம் என்று பார்த்து அதுவாகவே கொஞ்சம் கூட்டிக் காட்டும். வெப்பம் அளக்கும் கம்பியை யாரோ கொதிக்கிற இடத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். உன் எண்ணில் பத்துப் பதினைந்து குதிரையாவது இரக்கப்பட்டுக் கொடுத்தது.

அது போகட்டும், எண்ணைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த எஞ்சினைக் கோத்துப் பூட்டியது நான். அதில் பெட்ரோல் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரும் நான் மாட்டியவை. நாலும் வாயை முழுசாகத் திறந்து ஊற்றினாலும் முந்நூற்று இருபது குதிரைக்குத்தான் பெட்ரோல் தேறும். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. ஆகவே, தாள் பொய் சொல்கிறது என்றால் எனக்கு நிம்மதி. பாதி உண்மை என்றாலும், உன் எஞ்சின் மேல்சுற்றில் காற்றை மட்டும் குடித்துக்கொண்டு பட்டினியாக ஓடுகிறது. பட்டினி கிடக்கும் டர்போ எஞ்சின் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பெட்ரோல் எரிவது மட்டுமில்லை, உள்ளே குளிர்விப்பதும் அதுதான். அது குறைந்தால் பிஸ்டன் உருகி ஓட்டை விழும். ஆயில் பின்சக்கரத்தில் கொட்டும். நேர்பாதையில் இருநூறு வேகத்தில் போகும்போது கொட்டும்.

தாளின் அடியில் 1/2 என்று இருக்கிறது. இரண்டாம் பக்கம் எங்கே? காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் போகிறது என்ற கோடு அதில்தான் இருக்கும். அதை அனுப்பு. அதைப் பார்க்கும்வரை காலை முழுசாக அமுக்காதே.

அண்ணன்

*

மார்ச் 10

அண்ணா,

"நல்லா இருக்கு" என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் உன் பேனா மை தீர்ந்துபோயிருக்குமா?

உன்னைப் பொய்யாக்க வேண்டும் என்றே போய்ப் பார்த்தேன். டைனோக்காரர் அந்தக் கம்பியை ஒரு ஆணியில் மாட்டியிருந்தார். ஆணி எங்கே என்றால், கார் ரேடியேட்டரின் சூட்டுக்காற்று நேராக வந்து அடிக்கும் தூணில். "இங்கதான் ஒயர் எட்டும்" என்றார். நகர்த்தி, கதவோரம் வைத்து, மறுபடி ஓட்டினோம். முந்நூற்று இருபத்தொன்பது. பதினெட்டு குதிரை போச்சு. சந்தோஷமா?

சந்தோஷப்படு. பட்டுவிட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல். உன் ரோலரில் வந்த இருநூற்று எண்பத்தொன்றைவிட இது இன்னும் நாற்பத்தெட்டு அதிகம். பூஸ்டைக் கொஞ்சம் ஏற்றியதற்கு இருபது, இருபத்தைந்து என்று வைத்துக்கொள். மீதி எங்கே போனது? என் காரை ஏற்றியதும் உன் டைனோவுக்கு மட்டும் கை நடுங்கியதா? ஊர் முன்னால் என்னைச் சிரிக்கவைத்த அந்தப் பதின்மூன்று எங்கிருந்து வந்தது?

இரண்டாம் பக்கத்தை நாங்கள் அச்சடிக்கவில்லை. வாடிக்கையாளர்கள் கேட்பது முதல் பக்கம்தான், சட்டம் போட்டு மாட்டிவைப்பதும் அதைத்தான். எது கையில் இல்லையோ அதைக் கேட்பதே உனக்கு வழக்கம். பத்தாம் வகுப்பில் தொண்ணூற்றெட்டு வாங்கிக்கொண்டு வந்தபோதும் "மீதி ரெண்டு எங்க?" என்று கேட்ட ஆள் நீ.

தங்கை

*

மார்ச் 13

தங்கச்சி,

நீ கேட்டதற்குப் பதில் தேடி இரண்டு நாள் பட்டறையைப் பூட்டிவைத்தேன். பதில் எனக்கே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நாலு வருடம் முன்பு என் டைனோ அறையில் காரை ரோலரோடு கட்டியிருந்த பெல்ட் அறுந்ததே, அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. கார் ரோலரைவிட்டுத் தாவிச் சுவரில் மோதியது. நீ அதற்கு முன்னால் நின்று விசிறியைத் திருப்பிக்கொண்டிருந்தாய். பெல்ட்டின் கொக்கி உன் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. ஒரு அடி இந்தப் பக்கம் நின்றிருந்தால், இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஆளே இருந்திருக்காது. நீ தையல் போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாய். நான் இன்னும் அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கவில்லை.

அன்றிலிருந்து, எந்தக் கார் என்னைப் பயமுறுத்துகிறதோ அதன் பெல்ட்டை ராட்செட்டில் இன்னும் நாலு சொடுக்கு சேர்த்து இறுக்குவேன். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். என் நடுத்தர டர்போவுக்கு வழக்கமான இறுக்கம்தான். உன் நத்தையைப் பார்த்ததும் ராட்செட்டை விடவே இல்லை. எத்தனை சொடுக்கு இறுக்கினேன் என்று எனக்கே தெரியாது.

நேற்று என் காரையே ஏற்றினேன். வழக்கமான இறுக்கத்தில் நூற்று அறுபத்தொன்று. பிறகு, நீ முன்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டு இறுக்கினேன். நூற்று ஐம்பது! டயர் ரோலரோடு அமுங்கி நசுங்கி, உருள்வதற்கே பலம் போய்விடுகிறது. நூற்றுக்கு ஏழு முழுங்குகிறது. அதே கணக்கை அன்றைய தாளுக்குப் போட்டால் உன் இருநூற்று எண்பத்தொன்று முந்நூற்று ஒன்றாகிறது. அதே பூஸ்டில் உன் டர்போ என்னுடையதைவிட முப்பத்து மூன்று குதிரை அதிகம். 1.5-க்கு ஏற்றினால் முந்நூற்று இருபத்தேழு. உன் முந்நூற்று இருபத்தொன்பதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

பயந்தது நான், பழி உன் டர்போமேல். அதை வைத்து நாலு பேர் முன்னால் உன்னைக் கேலி வேறு செய்தேன். தப்பு என்னுடையது. அன்று சிரித்தவர்களில் மூன்று பேர் இன்னும் இங்கே வருகிறார்கள். அவர்களிடமும் சொல்லிவிட்டேன். ஒருவர், "அப்ப எனக்கும் அந்த நத்தையையே போட்டுடுங்க" என்கிறார்.

இப்போது என் பயம் இரண்டு மடங்கு. முந்நூற்று இருபத்தொன்பது நிஜம் என்றால் பட்டினியும் நிஜம். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இரண்டாம் பக்கத்தை அச்சடித்துப் பார். எனக்கு அனுப்பவேண்டாம். நீ பார்த்தால் போதும்.

அண்ணன்

*

மார்ச் 16

அண்ணா,

உன் கடிதத்தை டைனோ அறையில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அது வலிப்பதே இல்லை. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டால்தான் ஞாபகம் வரும். நீ அந்தச் சுவரை நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே ஒரு டப்பா பெயின்ட் வாங்கி நானே அடித்திருப்பேன்.

இரண்டாம் பக்கத்தை அச்சடித்தேன்.

ஆறாயிரம் சுற்றுவரை கோடு ஒழுங்காக இருக்கிறது. பதினொன்றரை, பதினொன்றரை, பதினொன்றரை. 6200-ல் ஏற ஆரம்பிக்கிறது, அதாவது பெட்ரோல் குறைகிறது. பன்னிரண்டு. பன்னிரண்டரை. கடைசியில் பன்னிரண்டு புள்ளி ஒன்பது. டைனோவில் எட்டு விநாடிதான் ஓடுகிறது, அதனால் பிழைத்திருக்கிறது. ஓடுதளத்தின் நேர்பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் பதினெட்டு விநாடி கால் முழுசாக அமுங்கியிருக்கும். டைனோக்காரரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லவேளைம்மா" என்றார். நான் டூல்பாக்ஸ் மேலே உட்கார்ந்துவிட்டேன்.

சட்டம் போட்டு மாட்டியிருந்த முதல் பக்கத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். நீ கேட்காமல் இருந்திருந்தால் இந்த இரண்டாம் பக்கத்தை நான் பார்த்திருக்கவே மாட்டேன். சட்டத்துக்குள் ஒரு பக்கத்துக்குத்தானே இடம்.

பெரிய இன்ஜெக்டர் சொல்லிவிட்டேன், வர 28-ஆம் தேதி ஆகும். பந்தயம் 24. பெயரை எடுத்துவிடு என்று சொல்வாய். எடுக்கமாட்டேன். ஆனால் எவ்வளவு பூஸ்டில் ஓட்டலாம் என்று நீ சொல். நீ சொல்கிற எண்ணுக்கு மேல் ஒரு பொட்டுகூட ஏற்றமாட்டேன். இது உன் தங்கை வாக்கு.

*

மார்ச் 18

தங்கச்சி,

பெயரை எடுத்துவிடு என்று ஒரு முழுப்பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் அண்ணி அதைப் பொறுக்கிப் படித்துவிட்டு, "அவ கேட்டது நம்பர், நீங்க எழுதியிருக்கறது ஒப்பாரி" என்றாள்.

எண் இதோ: 1.1. இருநூற்று எழுபத்தைந்து குதிரைதான் வரும், போதும். இன்ஜெக்டருக்கு மூச்சுவிட இடம் இருக்கும். அப்புறம் ஒரு வேலை. காற்று-பெட்ரோல் மீட்டரோடு ஒரு சிவப்பு விளக்கை இணை. பூஸ்டில் ஓடும்போது பன்னிரண்டைத் தாண்டினால் அது எரியவேண்டும். மீட்டரைப் பார்க்க உனக்கு நேரம் இருக்காது. விளக்கை ஸ்டியரிங்குக்கு நேர் மேலே, மூக்குக்கு எதிரே ஒட்டு. எரிந்தால் காலை எடு. யோசிக்காதே, எவன் முந்துகிறான் என்று பார்க்காதே. எடு.

பந்தய விஷயம் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. இரண்டு நாளாக நான் காபியில் உப்பைப் போட்டுக் குடிப்பதைப் பார்த்து அவளே கேட்டாள்.

அண்ணன்

*

மார்ச் 26

தங்கச்சி,

பந்தயம் முடிந்து இரண்டு நாளாகிறது. போன் அணைந்து கிடக்கிறது. உன் பட்டறையில் மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. செய்தி எதுவும் இல்லையென்றால் எல்லாம் நல்லபடி என்று அண்ணி சொல்கிறாள். அவளும் அடிக்கடி வாசலைப் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறாள். எந்த இடம் வந்தாய் என்று எனக்குத் தெரியவேண்டாம். இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது. வெறும் உறை வந்தால்கூடப் போதும், மேலே உன் கையெழுத்தில் முகவரி இருந்தால்.

அண்ணன்

*

மார்ச் 25

அண்ணா,

முதலில் இது: நான் நன்றாக இருக்கிறேன், கார் நன்றாக இருக்கிறது. இனி நீ உட்கார்ந்து படிக்கலாம்.

என் போன் பந்தயத்தன்று காலையிலேயே பெட்ரோல் கேனுக்குள் விழுந்து செத்தது. பட்டறைக்கும் மூன்று நாள் விடுமுறை. நீ அழைத்திருந்தால் மன்னித்துக்கொள். கூரியர்காரர் வாசலில் நிற்கிறார், வேகமாக எழுதுகிறேன்.

இருபத்திரண்டு கார். ஆறாவது சுற்று முடியும்போது நான் நாலாம் இடம். 1.1 பூஸ்டில்! மூன்றாவது ஆளின் பின்விளக்கை எட்டித் தொடலாம் போல இருந்தது. ஏழாவது சுற்றில் ஒரு நீளமான வலது வளைவு. கால் முழுசாக அமுங்கியிருக்கிறது. மூக்குக்கு எதிரே விளக்கு எரிந்தது.

இத்தனைக்கும் எரிய ஒரு காரணமும் கிடையாதே என்று மனசு சொன்னது. பூஸ்ட் குறைவு, கணக்கெல்லாம் சரி, ஒயர்தான் எங்கேயோ உரசியிருக்கும் என்று. அதற்குள் கால் மேலே வந்துவிட்டிருந்தது. நான் எடுத்தேன் என்று சொல்லமாட்டேன், கால்தான் எடுத்தது. மூன்று பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். அப்படியே ஓரங்கட்டி உள்ளே கொண்டுவந்தேன்.

காரணம் என்ன தெரியுமா? என் புத்திசாலித்தனம். எடை குறையட்டும் என்று டேங்கில் பன்னிரண்டு சுற்றுக்கு மட்டும் பெட்ரோலை அளந்து ஊற்றியிருந்தேன். வளைவில் பெட்ரோல் எல்லாம் இடதுபக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. நீ போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நீ கணக்கில் சேர்க்காதது நான்தான்.

பத்து லிட்டர் ஊற்றிக்கொண்டு மறுபடி போனேன். பன்னிரண்டு சுற்றையும் முடித்தேன். பத்தொன்பதாவது இடம். எனக்குப் பின்னால் வந்த மூவரில் ஒருவர் சக்கரம் கழன்றவர்.

இன்று காலை வீட்டு வாசலிலேயே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சின்னக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தோம். நாலு பிஸ்டனும் முழுசு. ஒரு புள்ளிகூட உருகவில்லை. டைனோக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்து, "ஒண்ணு நல்லாருக்கு, ரெண்டு நல்லாருக்கு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நாலாவதைச் சொன்னபோது நான் அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய்க் கேமராவை அணைத்துவிட்டார். 1.5 பூஸ்டில் அந்த வளைவுக்குப் போயிருந்தால் நாலில் ஒன்றாவது உருகியிருக்கும்.

அம்மாவிடம் பத்தொன்பது என்று சொல். எத்தனை பேரில் என்று சொல்லாதே.

தங்கை

*

மார்ச் 28

தங்கச்சி,

நீ 25-ஆம் தேதி எழுதியது, நான் உனக்கு எழுதிப் போட்ட மறுநாள், நேற்று மத்தியானம்தான் வந்தது. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே என்ன எழுதியிருந்தாலும் சரி, எழுதியது நீ. அண்ணிதான் பிடுங்கிப் பிரித்து முதல் வரியைச் சத்தமாகப் படித்தாள். எத்தனை கார் என்று வரும் வரிகளை விட்டுவிட்டு அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்; கேட்டுவிட்டு, எத்தனை பேரில் பத்தொன்பது என்று கேட்டாள். நூறு பேரில் என்றேன். உன்னால் இந்த வயதில் பொய் சொல்லப் பழகுகிறேன்.

பிறகு டைனோ அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். எத்தனை நாளாகத் தேங்கியிருந்ததோ. வெளியே வந்தபோது பசித்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு பசித்தது. அண்ணி வைத்தது அத்தனையையும் சாப்பிட்டேன்.

உன்னைத் தடுத்து நிறுத்தினால்தான் நீ பிழைப்பாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வளைவில் மூன்று பேர் முந்திப் போகும்போது காலை எடுக்கத் தெரிந்தவளை நான் எதற்காகப் பிடித்துக் கட்டவேண்டும்? இதை எனக்குச் சொல்ல ஒரு பத்தொன்பதாவது இடம் தேவைப்பட்டிருக்கிறது.

உன் இன்ஜெக்டர் இன்று வந்து சேர்ந்திருக்கும். மாட்டாதே, பொறு. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன், சேர்ந்து மாட்டுவோம். பூஸ்ட் எவ்வளவு என்பதை இந்த முறை நீ சொல். அப்புறம் ஓடுதளத்துக்குப் போவோம். பக்கத்து சீட்டில் என்னை உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டு, மெதுவாக இல்லை, நீ ஓட்டுவதுபோல. நான் கத்தினால் காதில் வாங்காதே.

அண்ணன்